மாத்திரை இருந்த அறையில் விருந்தாளிகள்

டிசம்பர் 27. விடுமுறைக்குப் பிறகு கிளினிக் திறந்த முதல் நாள். அறுபது தாண்டிய ஆயா ஒருவர் வந்து உட்கார்ந்தார். "ஒண்ணுமில்ல டாக்டர், தலைதான் கிறுகிறுன்னு வருது." இரத்த அழுத்தம் 190/110. மாத்திரை போட்டுப் பத்து நாள் ஆகியிருந்தது. தீர்ந்துபோகவில்லை. ஜோஹானஸ்பர்க்கிலிருந்து வந்த மகன் குடும்பத்துக்குத் தன் அறையைக் கொடுத்துவிட்டு, ஆயா ஹாலில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார். மாத்திரை அந்த அறை அலமாரியில். "பிள்ளைங்க தூங்குறாங்க, கதவத் தட்ட மனசு வரல."

அடையாளம் தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன். ஆனால் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரத்தின் சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒவ்வொரு டிசம்பரும் இவரைப் பார்க்கிறேன். ஒரு வருஷம் அத்தையாக வருவார், ஒரு வருஷம் மூத்த மருமகளாக வருவார்.

பள்ளிகள் மூடி, கட்டுமான வேலைகளும் நின்றதும் டர்பனுக்குச் சொந்தபந்தம் வந்து இறங்கிவிடும். கடற்கரை, பிராய் (வெளியில் நெருப்பு மூட்டி இறைச்சி சுடுவது), பெரிய பானையில் பிரியாணி. எல்லோருக்கும் அது விடுமுறை, அடுப்படியில் நிற்பவருக்கு மட்டும் இல்லை. விடியற்காலை எழுந்து, கடைசி ஆளாகச் சாப்பிட்டு, நள்ளிரவில் பாத்திரம் கழுவுகிறார். இங்கே டிசம்பர் கோடைக்காலம், அந்த வெக்கையில் தூக்கமும் சரியாக வராது. இப்படி ஓய்வில்லாமல் நாட்கள் போனால் உடம்பில் அட்ரினலினும் கார்ட்டிசாலும் ஏறும். கூடவே இரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஏறும். எரிச்சல், நெஞ்சுப் படபடப்பு, காரணமில்லாத அழுகை என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது, "நேத்து எத்தன மணி நேரம் தூங்கினீங்க?"

ஆயாவுக்கு மருந்தைத் திரும்பத் தொடங்கிவிட்டு, மகனை உள்ளே கூப்பிட்டேன். பாவம், அவருக்கு எதுவுமே தெரியாது. அம்மா சிரித்துக்கொண்டே பரிமாறியதைத்தான் பார்த்திருக்கிறார். அன்றிரவே அம்மா தன் கட்டிலுக்குத் திரும்பினார். மகன் ஹாலுக்கு வந்தார். ராத்திரிப் பாத்திரம் பேரப்பிள்ளைகள் பொறுப்பானது. மூன்று நாள் கழித்துப் பார்த்தபோது அழுத்தம் இறங்கத் தொடங்கியிருந்தது. விருந்தோம்பல் நம் பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் வீட்டில் மாத்திரை சாப்பிடுபவர் இருந்தால், அவருடைய கட்டிலையும் மருந்துப் பெட்டியையும் விருந்தாளிக்காக இடம் மாற்றாதீர்கள்.

இன்னொன்று பணம். பல கம்பெனிகளில் டிசம்பர் சம்பளம் மாத நடுவிலேயே கைக்கு வந்துவிடும், அடுத்தது ஜனவரிக் கடைசியில். ஆறு வாரம். அதற்கிடையில் பள்ளி திறக்கும். யூனிஃபார்ம், ஷூ, நோட்டு எல்லாம் வாங்க வேண்டும். ஜனவரியில் தூக்கம் வரவில்லை என்று வரும் ஆண்கள் பலர் இதைச் சொல்லாமல் வயிற்று வலி என்பார்கள். சம்பளம் வந்த அன்றே பள்ளிச் சாமான்களை வாங்கி வைத்துவிடுங்கள், பரிசு பிறகு. தூக்கத்துக்காக ஒரு பெக் போடுவதும் வேண்டாம். முதலில் கண்ணை மூட வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

அந்த வருஷம் வீட்டில் இறப்பு நடந்திருந்தால், துக்கத்தில் இருப்பவரைச் சிரிக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். போனவரின் பெயரைச் சொல்லிப் பேசுங்கள், அழுதால் அழட்டும். வாழவே வேண்டாம் என்று யாராவது சொன்னால், விளையாட்டுப் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். கூடவே உட்கார்ந்து, தற்கொலைத் தடுப்பு உதவி எண்ணான 0800 567 567-ஐ அழையுங்கள், கட்டணம் இல்லை.

நெஞ்சில் அழுத்தும் வலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் மரத்துப்போவது, பேச்சுக் குழறுவது, இவற்றை டென்ஷன் என்று நினைத்து வீட்டிலேயே இருக்கக் கூடாது. ஆம்புலன்ஸுக்கு 10177, செல்போனிலிருந்து 112.

புறப்படும்போது ஆயா வாசலில் நின்றார். "பேரனுக்காக நேந்திருக்கேன் டாக்டர். தைப்பூச விரதம் இருக்கலாமா?" தாராளமாக இருக்கலாம் என்றேன். விரதம் தொடங்க ஒரு வாரம் முன்னால் வரச் சொன்னேன், எந்த மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று உட்கார்ந்து எழுதித் தர. மகன் அந்தத் தேதியைத் தன் போனில் குறித்துக்கொண்டார்.