ஓடை அரித்த நிலத்தைச் சரிசெய்ய அரசுத் திட்டம்: யாரிடம், எப்படிக் கேட்பது?

மானாவாரி நிலத்தில் ஒரு பெருமழைக்கு அப்புறம் மண் கோடு கோடாக அரித்திருக்கும். ஒரு உழவு ஓட்டினால் மறைந்துவிடும், அதனாலேயே பலர் கண்டுகொள்வதில்லை. அந்தக் கோடுகள் சரிவில் ஒன்றுசேர்ந்து தண்ணீர் ஒரே தடத்தில் வேகமெடுத்தால் உழவால் மூட முடியாத பள்ளம் விழும். அதன் மேல்முனையில் தண்ணீர் குதித்து விழுந்து அடிமண்ணைக் குடைய, மேல்மண் தாங்காமல் சரிய, பள்ளம் மேட்டுப்பக்கமாக ஏறிக்கொண்டே போகும். டிராக்டரில் மண் அடித்து மூடினாலும் நிற்காது, ஏனென்றால் மேலிருந்து வரும் தண்ணீரின் வேகம் அப்படியேதான் இருக்கிறது.

இதற்கு உதவுவது பிரதமரின் வேளாண் நீர்ப்பாசனத் திட்டத்தில் உள்ள நீர்வடிப்பகுதி மேம்பாட்டுப் பிரிவு. நீர்வடிப்பகுதி என்றால் மழைநீர் வடிந்து ஒரே ஓடையில் சேரும் மொத்த நிலப்பரப்பு. மத்திய அரசு 60 சதவீதமும் மாநில அரசு 40 சதவீதமும் போடுகின்றன. 2021-22இல் தொடங்கிய இரண்டாம் கட்டத்தில் ஹெக்டேருக்குச் சமவெளியில் 22,000 ரூபாய், கடினமான பகுதிகளில் 28,000 ரூபாய். இது உங்கள் வங்கிக் கணக்குக்கு வரும் மானியம் இல்லை. ஒரு நீர்வடிப்பகுதி முழுவதையும் மேட்டிலிருந்து தாழ்வு நோக்கிச் சரிசெய்ய ஒதுக்குவது. மேலே சம உயர வரப்பு (சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டத்தில் போடும் வரப்பு), நடுவே ஓடைக்குக் குறுக்கே கல் தடுப்புகள், கீழே பண்ணைக்குட்டை, தடுப்பணை என்று வேலை இறங்கி வரும்.

அதனால் தனியாளாக மனு கொடுப்பதைவிட, மேல்நிலத்துக்காரரையும் சேர்த்துக்கொண்டு கேளுங்கள். உங்கள் நிலத்துப் பள்ளத்துக்குத் தண்ணீர் அவர் நிலத்திலிருந்துதானே வருகிறது.

முதலில், உங்கள் ஊர் திட்டத்துக்குத் தேர்வான நீர்வடிப்பகுதியில் இருக்கிறதா என்று வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலோ வேளாண்மை அலுவலகத்திலோ விசாரியுங்கள். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தமிழ்நாடு நீர்வடிப்பகுதி மேம்பாட்டு முகமை. தேர்வாகியிருந்தால் கிராமசபை மூலம் அமைந்த நீர்வடிப்பகுதிக் குழு இருக்கும், எந்த வேலை எங்கே என்பது அதன் திட்டத்தில் ஏற வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 கிராமசபைகளில் சர்வே எண்களோடு எழுதிக் கொடுத்து, தீர்மானத்தில் ஏற்றச் சொல்லுங்கள். சொந்த நிலத்து வேலைக்கு விவசாயியின் பங்குத்தொகை உண்டு. நீர்வடிப்பகுதித் திட்டங்களுக்கான 2008 பொது வழிகாட்டு நெறிகளில் அது குறைந்தது 10 சதவீதம், பட்டியல் சாதி, பழங்குடி, சிறு, குறு விவசாயிகளுக்கு 5. இப்போதைய விகிதத்தைக் குழுவிடம் கேட்டு, பணம் கட்டினால் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.

கல் தடுப்பு கட்டும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நடுப்பகுதி தாழ்வாகவும், இரு ஓரமும் கரைக்குள் பதிந்தும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு புதுப் பள்ளம் போட்டுவிடும்.