பழைய டயர் வாங்கி விற்க நினைப்பவர்களுக்கு: எல்லையோரத்தில் எந்தப் பதிவு, எந்தக் கடன்?

கேரளத்துக் கொழிஞ்சாம்பாறையிலிருந்து கோபாலபுரம் வழியாகத் தமிழ்நாட்டுப் பொள்ளாச்சிக்குப் போகும்போது ஏதாவது ஒரு பஞ்சர் கடையின் பின்பக்கம் எட்டிப் பாருங்கள். மொட்டையான லாரி டயர், நூல் தெரியும் பைக் டயர், கிழிந்த டியூப். ஆக்ரிக்காரர், அதாவது பழைய சாமான் வாங்குபவர், வந்தால் உண்டு, இல்லாவிட்டால் மழைத் தண்ணீர் தேங்கிக் கொசு வளரும். ஒரு லாரி டயரே ஏறத்தாழ 50 கிலோ இருக்கும். இதைச் சேர்த்து விற்றுப் பிழைக்கலாமா என்று கேட்பவர்களுக்காகத்தான் இது.

2022 ஜூலையில் மத்திய அரசு கழிவு மேலாண்மை விதியைத் திருத்தியது. டயர் தயாரிப்பவர்களும் இறக்குமதி செய்பவர்களும் பழைய டயருக்குப் பொறுப்பேற்க வேண்டும். அவர்கள் முன்பு தயாரித்த, இறக்குமதி செய்த அளவில் முதல் ஆண்டு 35 சதவீதம், அடுத்து 70, 2024-25 முதல் 100. கம்பெனிக்காரர்கள் தெருத்தெருவாக வந்து பொறுக்கப் போவதில்லை. பதிவு பெற்ற மறுசுழற்சி ஆலையிடம், இவ்வளவு டயர் மறுசுழற்சி ஆனது என்ற சான்றிதழ் வாங்கிக் கணக்குக் காட்டுவார்கள். மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் தளத்தில் பதிய வேண்டியவர்கள் தயாரிப்பாளர், மறுசுழற்சி செய்பவர், ரீட்ரெட் செய்பவர் (தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் போடுபவர்). சேகரித்துக் கொடுப்பவருக்குச் சான்றிதழ் கிடையாது. ஆனால் சான்றிதழ் தரும் ஆலைக்குச் சரக்கும் வேண்டும், பில்லும் வேண்டும். அங்கேதான் உங்களுக்கு இடம்.

பில் என்றதும் ஜிஎஸ்டி. இங்கே எல்லைக்கோடு குறுக்கே வருகிறது. உள்மாநிலத்திலேயே சரக்கு விற்றால் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. கொழிஞ்சாம்பாறையில் சேர்த்துக் கோயம்புத்தூர் ஆலைக்கு விற்றால், அந்தச் சலுகை போச்சு. முதல் ரூபாயிலிருந்தே பதிவு வேண்டும். 'காம்போசிஷன்' (சிறு வியாபாரிகளுக்கான எளிய ஜிஎஸ்டி முறை) போட்டுத் தப்பிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அதில் இருப்பவர் வெளி மாநிலத்துக்கு விற்கவே கூடாது. எல்லை தாண்டும் லோடின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில், அதாவது சரக்கோடு போக வேண்டிய மின்னணுச் சீட்டு, வேண்டும். இல்லாமல் வண்டி மாட்டினால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம். மிஞ்சுகிற லாபமே கிலோவுக்குச் சில்லறைக் காசு, இதில் அபராதம் வேறு கட்டினால் ஒன்றும் நிற்காது.

கடன் விஷயத்தில் பலர் சறுக்குவது ஓர் இடத்தில். வாங்கி அப்படியே விற்றால் அது வியாபாரம். அதற்கு முத்ரா கடன் பொருந்தும். 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். அடமானம் கிடையாது, மானியமும் கிடையாது. மானியம் வேண்டுமென்றால் பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம், அதாவது பிஎம்இஜிபி. அது முக்கியமாக உற்பத்திக்கும் சேவைக்கும். ஒரு வெட்டும் மெஷின் போட்டு, டயர் விளிம்பில் இருக்கும் பீட் கம்பியை உருவி, துண்டாக்கித் தருவதாகத் திட்ட அறிக்கை எழுதினால்தான் பேச்சு நகரும்.

2022இல் திருத்திய வரம்புப்படி இதில் திட்டச் செலவு உற்பத்திக்கு 50 லட்சம் வரை, சேவைக்கு 20 லட்சம் வரை. கிராமத்தில் பொதுப் பிரிவுக்கு 25 சதவீத மானியம். பெண்கள், பட்டியலினத்தவர், பிற்படுத்தப்பட்டோர், சிறுபான்மையினர் போன்றோருக்கு 35. கிராமத்துப் பெண் ஒருவர் 10 லட்சத்துக்குப் போட்டால் கைப்பணம் 50,000, வங்கி 9.5 லட்சம், மானியம் 3.5 லட்சம். அந்த 3.5 லட்சம் கைக்கு வராது! மூன்று ஆண்டு வங்கியிலேயே டெபாசிட்டாகக் கிடந்து, தொழில் ஓடுகிறதா என்று பார்த்த பிறகே கடனில் கழியும். அதுவரை அந்தத் தொகை அளவு கடனுக்கு வட்டி இல்லை.

நிலம் வாங்கும் செலவைத் திட்டத்தில் சேர்க்க முடியாது. கணவன், மனைவி இருவரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும். ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கும் கிடையாது. ஆகவே மெஷினை முதலில் வாங்கிவிட்டு விண்ணப்பிக்காதீர்கள். பாலக்காட்டுப் பக்கமென்றால் அங்குள்ள மாவட்டத் தொழில் மையம், பொள்ளாச்சிப் பக்கமென்றால் கோவை மையம். ஷெட் எந்த மாநிலத்தில் இருக்கிறதோ அதுதான் கணக்கு.

வெட்டும் வேலை தொடங்குமுன் அந்த மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் நிறுவ இசைவாணையும், பிறகு இயக்க இசைவாணையும் பற்றிக் கேட்டுவிடுங்கள். டயரைக் காய்ச்சி எண்ணெய் எடுக்கும் வேலை பக்கம் புதிதாகத் தொடங்குபவர் போகாமல் இருப்பதே நல்லது. புகை, தீ, ஊர்ப் புகார் மூன்றும் ஒன்றாக வரும். அப்புறம், கூரை இல்லாத இடத்தில் அடுக்க வேண்டாம். இடமில்லையென்றால் தார்ப்பாயாவது போடுங்கள்.