ஐந்தாவது வாரத்தில் ஜெட் லாக் வராது

மறுபடியும் ஒருவர். இரண்டு மாதம் தனியாக வெளிநாடுகளைச் சுற்றிவிட்டு வந்தவர். "ஜெட் லாக் இன்னும் விடல டாக்டர், சத்து மாத்திரை ஏதாவது எழுதிக் கொடுங்க" என்றார். கண்ணின் வெள்ளைப் பகுதி மஞ்சளாக இருந்தது. சிறுநீரும் கரும்பழுப்பாகப் போகிறதாம். தண்ணீர் சரியாகக் குடிக்காததால் இருக்கும் என்று அவரே தீர்மானித்துவிட்டார். அசதி எப்போது ஆரம்பித்தது என்று கேட்டேன். திரும்புவதற்குப் பத்து நாள் முன்பே. அந்தப் பத்து நாளும் எங்கே இருந்தார்? ஒரே நாட்டில். பரிசோதனையில் வந்தது ஹெபடைட்டிஸ் ஏ, கல்லீரலைத் தாக்கும் வைரஸ் நோய்.

எத்தனை முறை சொன்னாலும் போய்ச் சேராத விஷயம் இது. நேர மண்டலங்களைத் தாண்டினால்தான் ஜெட் லாக். உடம்பின் கடிகாரம் ஒரு நேரம் சொல்ல, போய் இறங்கிய ஊர் இன்னொரு நேரம் சொல்லும். அவ்வளவுதான் அதன் கதை. தோராயமாக ஒரு மணி நேர வித்தியாசத்துக்கு ஒரு நாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிழக்கே போனால் கொஞ்சம் கூடுதலாகலாம். வடக்கிலிருந்து தெற்கே பத்து மணி நேரம் பறந்தாலும் நேரம் மாறவில்லை என்றால் இடுப்பு வலிக்கும், கால் வீங்கும், ஜெட் லாக் வராது. ஐந்து வாரமாக ஒரே மண்டலத்தில் திரிகிறவருக்கும் வராது. எந்த அசதிக்கும் அந்தப் பெயரை வைத்துவிட்டால், அதன் பிறகு யாரும் காரணம் தேடுவதில்லை.

நெடும் பயணத்தின் கடைசியில் சாதாரண அலைச்சலும் வரும், இல்லை என்று சொல்லவில்லை. புது இடத்தில் முதல் இரவு மூளையின் ஒரு பாதி ஆழ்ந்து உறங்காமல் காவல் காக்கிறது என்று 2016-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. இரண்டு நாளுக்கு ஒரு விடுதி மாறுகிறவர் எத்தனை 'முதல் இரவு' தூங்கியிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள். பையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. எந்தப் பேருந்து, எந்தத் தெரு, எதைச் சாப்பிடுவது, எல்லாம் ஒரே தலையில். இதற்கு மருந்து வேண்டாம். ஒரே அறை, ஒரே கட்டில், இரண்டு மூன்று இரவு, பார்க்க வேண்டிய இடம் எதுவும் கிடையாது. செலவு செய்து வந்தாயிற்றே என்று கடைசி வாரத்தில் பட்டியலைத் துரத்தாதீர்கள். கடவுச்சீட்டைத் தொலைப்பதும், வாடகை ஸ்கூட்டரிலிருந்து விழுவதும் அந்த அரைத்தூக்கத்தில்தான்.

ஓய்வெடுத்தும் அசதி விடவில்லையா? மருத்துவரைப் பாருங்கள். இரண்டு வாரமாக வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு என்றால் ஜியார்டியா போன்ற ஒட்டுண்ணியாக இருக்கலாம். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால், திடீரென்று மூச்சு வாங்கினால், அன்றே போக வேண்டும்.

காய்ச்சல் என்றால் அந்த இரண்டு நாள் ஓய்வுகூடக் கிடையாது. மலேரியா உள்ள பகுதிக்குள் போய் ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகியிருந்தால், அங்கே எத்தனை நாள் இருந்தாலும், காய்ச்சல் கண்ட அன்றே ரத்தப் பரிசோதனை. முதல் பரிசோதனையில் ஒன்றும் இல்லை என்று வந்தால் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு நிம்மதியாகிவிடுகிறார்கள். ஒரு பரிசோதனை போதாது. 12 முதல் 24 மணி நேர இடைவெளியில் மறுபடி எடுப்பதுதான் எங்கள் வழக்கம். மலேரியா தடுப்பு மாத்திரையையும் விமானம் ஏறியதும் நிறுத்திவிடுகிறீர்கள். டாக்ஸிசைக்ளின் என்றால் அந்தப் பகுதியை விட்டு வந்தபின் 4 வாரம், அட்டோவாகுவோன்-புரோகுவானில் என்றால் 7 நாள். தயவுசெய்து முடியுங்கள்.

தனியாகப் போகிறவருக்கு என்னைப் பயமுறுத்தும் குறை வேறு. கூட ஒருவர் இருந்தால் "என்ன, உன் கண்ணு மஞ்சளா இருக்கு?" என்று ஒரே வார்த்தையில் கேட்டிருப்பார். மஞ்சள் விளக்கு எரியும் விடுதிக் குளியலறைக் கண்ணாடியில் அது தெரியாது. வாரம் ஒரு முறையாவது பகல் வெளிச்சத்தில் வீட்டாரோடு வீடியோவில் பேசுங்கள். "இளைச்சுட்டே" என்று அம்மா சொன்னால் சிரித்து மழுப்பாதீர்கள். நாள்கணக்கில் எதிலும் மனம் ஒட்டவில்லை, அறையை விட்டு வெளியே போகவே பிடிக்கவில்லை என்றாலும் சொல்லுங்கள். மலேரியா தடுப்புக்கு மெஃப்லோகுயின் சாப்பிடுகிறவர்கள் இதை மருத்துவரிடமே சொல்ல வேண்டும். அந்த மாத்திரை மனநிலையைக் குலைக்கக்கூடியது.

வந்து இறங்கிய அன்று விமான நிலையத்திலிருந்து நீங்களே காரை ஓட்டிக்கொண்டு போகாதீர்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் தடுமாற்றம், ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் தடுமாற்றத்துக்குச் சமம்.

பிறகு எந்த மருத்துவரிடம் போனாலும் எந்த நாடு, எந்தத் தேதியில் போனீர்கள் என்பதை முதலில் சொல்லுங்கள். கூட்ட நேரத்தில் நாங்கள் கேட்காமல் விட்டுவிடலாம். வைவாக்ஸ் வகை மலேரியா கல்லீரலில் பதுங்கியிருந்து பல மாதம் கழித்தும் காய்ச்சலாக வரும். அதனால் திரும்பி வந்து ஒரு வருடம் வரைக்கும், எந்தக் காய்ச்சலுக்குப் போனாலும், இதைச் சொல்லுங்கள்.