அருகலை: வை-ஃபை என்னும் பெயரும் அதன் தமிழும்

ஒரு வீடு, ஓர் அலுவலகம் போன்ற சிறு பரப்புக்குள் இருக்கும் கணினிகளையும் கைப்பேசிகளையும் வானொலி அலைகளால் ஒரே வலையமைப்பில் இணைக்கும் முறையே அருகலை. பேச்சு வழக்கில் இதனை வை-ஃபை என்கிறோம்.

வை-ஃபை என்பதை ‘வயர்லெஸ் ஃபிடிலிட்டி’ என்னும் தொடரின் சுருக்கமாகப் பலரும் விளக்குகின்றனர், அது சரியன்று. ஐ.இ.இ.இ. என்னும் பொறியாளர் அமைப்பு 1997-இல் வெளியிட்ட தரத்துக்கு 802.11 என்னும் எண்ணே பெயராக இருந்தது. அந்த எண் பொதுமக்கள் நாவில் நிற்காது என்பதால், கருவி உற்பத்தியாளர்கள் 1999-இல் அமைத்த கூட்டமைப்பு இன்டர்பிராண்ட் என்னும் நிறுவனத்திடம் பெயர் கேட்டது. ஒலிக்கருவிகளுக்கு முன்பே வழங்கிவந்த ‘ஹை-ஃபை’யின் ஓசையை ஒட்டி வை-ஃபை பிறந்தது. ‘வயர்லெஸ் ஃபிடிலிட்டி’ என்பது விளம்பரத்துக்காகப் பின்னர் சிறிது காலம் சேர்த்துக்கொண்ட தொடர் மட்டுமே. ஆகவே அதனைப் பிரித்துப் பொருள்கண்டு தமிழாக்குவதில் பயனில்லை. செயலைப் பார்த்தே பெயரிட வேண்டும்.

அவ்வாறு அமைந்ததே அருகலை. அருகு என்பதுடன் அலை சேரும்போது, நிலைமொழி ஈற்றுக் குற்றியலுகரம் கெட்டு அருகலை என்றாகிறது. ‘கம்பியில்லா இணைப்பு’ என்பதைக் காட்டிலும் இதுவே பொருத்தமானது என்பேன். ஏனெனில் கைப்பேசிக் கோபுரமும் செயற்கைக்கோளும்கூடக் கம்பியின்றியே இணைக்கின்றன. அருகு என்பதோ இதன் எல்லையையும் சேர்த்துச் சொல்கிறது: 2.4 கிகாஹெர்ட்ஸ் அலை சுவர்களை ஓரளவு கடந்து செல்லும், 5 கிகாஹெர்ட்ஸ் அலை கூடுதல் வேகம் தந்தாலும் சுவர்களில் விரைவாக வலுவிழக்கும். அருகுதல் என்னும் வினைக்குக் குறைதல் என்ற பொருளும் உண்டு என்பது இங்கே தற்செயலாக வாய்த்த அழகு.

அருகலை வேறு, இணையம் வேறு. திசைவி, அதாவது ரவுட்டர், நொடிக்கு ஏறத்தாழ 10 முறை தன் வலையமைப்பின் பெயரை அலைவழியே அறிவிக்கிறது. கைப்பேசித் திரையில் தோன்றும் பெயர்ப்பட்டியல் அவ்வறிவிப்புகளால் ஆனது. வெளியிலிருந்து திசைவிக்கு வரும் கம்பி அறுந்தாலும் இந்த அறிவிப்பு நிற்பதில்லை. அலைக்குறி முழுமையாகத் தெரியும், வலைப்பக்கம் ஒன்றும் திறக்காது, ஆயினும் அதே அலையில் இணைந்துள்ள அச்சுப்பொறிக்கு ஓர் ஆவணத்தை அனுப்பி அச்சிட முடியும். அந்நேரத்தில் ‘வை-ஃபை வேலை செய்யவில்லை’ என்பது பிழை. ‘இணையம் வரவில்லை’ என்பதே சரி.

கைப்பேசியே திசைவியாக நின்று தன் இணைய இணைப்பைப் பிற கருவிகளுக்கு வழங்கும் ‘ஹாட்ஸ்பாட்’டுக்கு, இதே அலை என்னும் ஈற்றுடன் பகிரலை என்னும் சொல் வழங்குகிறது.