ஏடிஹெச்டி: தமிழில் எப்படிச் சொல்வது?

ஏடிஹெச்டி என்பது, கவனம் ஓரிடத்தில் நிலைக்காமலும் ஓயாமல் துறுதுறுவென்றும் இருக்கும் பிள்ளைகளின் நிலையைக் குறிக்கும் 'அட்டென்ஷன் டெஃபிசிட் ஹைபராக்டிவிட்டி டிஸார்டர்' என்ற ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகள். அந்தப் பெயர் 1987-இல்தான் வந்தது. 1902-இல் லண்டனில் இத்தகைய குழந்தைகளைப் பற்றி உரையாற்றிய மருத்துவர் ஜார்ஜ் ஸ்டில், இதை ஒழுக்கக் கட்டுப்பாட்டின் குறையாகக் கண்டார். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 1968-இல் மிகையான இயக்கத்தை முன்னிறுத்தியது. 1980-இல் கவனத்துக்கு முதலிடம் தந்தது. 1987-இல் இரண்டையும் ஒரே பெயரில் சேர்த்தது.

தமிழில் பெரும்பாலும் 'கவனக்குறைவு' என்று தொடங்கி எழுதுகிறார்கள். எனக்கு இது உவப்பில்லை. 'ஓட்டுநரின் கவனக்குறைவால் விபத்து' என்று நாள்தோறும் படிக்கும் நமக்கு அது குற்றம்சாட்டும் சொல். கேரள எல்லையில், பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம் பக்கத்துத் தமிழர்களுக்குச் சிக்கல் இரட்டிப்பு. மலையாளத்தில் 'ஸ்ரத்த' என்றால் கவனம். தமிழில் 'சிரத்தை' என்றால் அக்கறை. 'ஸ்ரத்தக்குறவு' என்று ஆசிரியர் சொல்வது, 'பிள்ளைக்குப் படிப்பில் அக்கறையில்லை' என்றே தாயின் காதில் விழும். வீட்டுக்குப் போனதும் முதுகில் இரண்டு விழும். மிகையியக்கத்துக்கு மலையாளத்தில் சொல்லும் 'பிருபிருப்பு' மட்டும் நம் 'துறுதுறு'வுக்கு நெருங்கிய உறவு.

உண்மையில் கவனம் இல்லாமலில்லை. அதை வேண்டிய இடத்தில் நிறுத்தத்தான் முடிவதில்லை. கார்ட்டூன் முன் அசையாமல் இருக்கும் பிள்ளை, வீட்டுப்பாடத்தில் ஐந்து நிமிடம் நிலைக்காது. ஆகவே 'கவனச்சிதறல் மிகையியக்கக் குறைபாடு' என்பதே என் தேர்வு. நீளம்தான், ஆனால் பழி சுமத்தவில்லை.

சேட்டை செய்யும் பிள்ளைக்கெல்லாம் இந்தப் பெயர் பொருந்தாது. கவனம் சார்ந்த ஒன்பது அறிகுறிகளிலோ, துறுதுறுப்பும் அவசரமும் சார்ந்த ஒன்பதிலோ குறைந்தது ஆறு, ஆறு மாதமாவது நீடிக்க வேண்டும். சில அறிகுறிகளாவது 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி என இரண்டு இடங்களிலாவது காணப்பட வேண்டும். எல்லைப்புறத்தில் இந்தக் கடைசி விதி முக்கியம். வீட்டில் தமிழ் பேசும் பிள்ளை மலையாள வகுப்பில் விழித்தால், காரணம் மொழியாகவும் இருக்கலாம். செவித்திறனையும் பார்வையையும் சோதித்துவிடுவது நல்லது. ஓடாமல் ஆடாமல் சன்னலைப் பார்த்தபடி இருக்கும் பெண் பிள்ளைகளுக்கும் இக்குறைபாடு இருக்கலாம். யாருக்கும் தொல்லை தராததால் அவர்கள் எளிதில் விடுபட்டுப்போகிறார்கள்.

ஆறு வயதுக்குள் என்றால் முதலில் பெற்றோருக்குத்தான் பயிற்சி. அதற்கு மேல், தேவைப்பட்டால் மெத்தில்ஃபெனிடேட் போன்ற மருந்தை மருத்துவர் தருவார். பசியும் தூக்கமும் குறையலாம். எடை, உயரம், நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றை அவ்வப்போது பார்ப்பார்கள். தேசிய சிறார் நலத் திட்டத்தின் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையங்களில் 18 வயது வரை கட்டணமில்லை. போகும்போது வகுப்பாசிரியர் கண்டதை எழுதி வாங்கிச் செல்லுங்கள். அது மலையாளத்தில் இருந்தாலும் பரவாயில்லை.