சங்கிலி வாங்கினீர்கள், பதில் சொன்னீர்களா?

இந்த மாதத்தில் இது மூன்றாவது தம்பதி. உட்கார்ந்ததுமே கணவர் பட்டியல் போட்டார்: தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் வாங்கிய சங்கிலி, பிறந்தநாளுக்குக் கைப்பேசி, ஜூன் விடுமுறைக்குப் பாலித் தீவுப் பயணம். "இதற்கு மேல் என்ன செய்ய வேண்டும்?" மனைவி சொன்னது ஒரே வரி: "நான் பேசினால் இவர் நிமிர்ந்து பார்ப்பதில்லை."

தம்பதியருக்கு ஆலோசனை சொல்வது என் தொழில். பரிசு தந்தேன், ஆகவே அன்பு இருக்கிறது என்ற கணக்கைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. பரிசுக்கு ஆண்டில் மூன்று நாள். மீதி 362 நாளும் அந்தப் பெண் யாரிடம் பேசுவார்?

ஜன்னலுக்கு வெளியே மூங்கில் கழியில் துணி காய்கிறது. "வானம் கறுத்துவிட்டதே" என்கிறார் மனைவி. துணை தேடிச் சொல்லும் சொல் அது. எழுந்து வந்து ஒரு கழியை உள்ளே இழுங்கள். முடியாவிட்டால் "ஆமாம்" என்றாவது சொல்லுங்கள். அமெரிக்க உளவியலாளர் ஜான் காட்மன் புதுமணத் தம்பதியரின் இயல்பான பேச்சைக் கவனித்து, ஆறு ஆண்டுகள் கழித்து மீண்டும் விசாரித்தார். சேர்ந்து வாழ்ந்தவர்கள் இத்தகைய சிறு அழைப்புகளில் நூற்றுக்கு 86க்குச் செவிசாய்த்திருந்தார்கள். பிரிந்தவர்கள் 33க்கு மட்டுமே. (முதல் அமர்வில் குற்றச்சாட்டுகளைவிட நான் அதிகம் கவனிப்பது, ஒருவர் அழும்போது மற்றவரின் கை மெல்லிழைத்தாள் பெட்டியை நோக்கி நகர்கிறதா என்பதைத்தான்.)

பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு), அத்தையின் மருத்துவச் சந்திப்பு, வீட்டுக் கடன் தவணை. இவற்றை மட்டுமே பேசுகிறீர்கள் என்றால் வீட்டை நிர்வகிக்கிறீர்கள், அவ்வளவுதான். இரவுப் பணி முடிந்து வருபவரிடம் "சாப்பிட்டாயா?" என்று கேளுங்கள், பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.

இன்னொன்று. கைப்பேசியைத் துருவுவது, வங்கி அட்டையைப் பிடுங்கி வைப்பது, தாய்வீட்டுக்குப் போகவிடாமல் தடுப்பது ஆகியவற்றைப் 'பாசம் அதிகம்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். மணவாழ்வையும் குடும்பப் பாதுகாப்பையும் பற்றிய சட்டமான மாதர் சாசனத்துக்கு 2023இல் சிங்கப்பூர் நாடாளுமன்றம் நிறைவேற்றிய திருத்தம், கட்டுப்படுத்தும் நடத்தையையும் குடும்ப வன்முறையில் சேர்க்கிறது. அப்படிப்பட்ட கட்டுப்பாட்டில் வாழ்பவர்கள், வன்முறைக்கு எதிரான தேசிய உதவித் தொலைபேசியின் 1800-777-0000 எண்ணை இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். அழையுங்கள்.

அந்தத் தம்பதி அடுத்த புதன்கிழமை மீண்டும் வருகிறார்கள். கணவருக்கு ஒரே ஒரு வேலை கொடுத்திருக்கிறேன்: வீட்டு வாசலில் காலணியைக் கழற்றும்போது மனைவி சொல்லும் முதல் வார்த்தைக்கு, நிமிர்ந்து பார்த்துப் பதில் சொல்ல வேண்டும்.