‘வகையியல்’ அன்று, முன்னடையாளம்

ஆதாமைக் கிறிஸ்துவோடும், செங்கடலை ஞானஸ்நானத்தோடும், பஸ்கா ஆட்டுக்குட்டியைச் சிலுவையோடும் இணைத்து, முந்தியதைப் பிந்தியதன் அடையாளமாகப் படிக்கும் முறைக்கு ஆங்கில இறையியலார் ‘டைப்பாலஜி’ என்று பெயரிட்டுள்ளனர். அண்மைக்கால மொழிபெயர்ப்புக் கட்டுரைகளில் இது ‘வகையியல்’ என்றும், ஆதாம் கிறிஸ்துவின் ‘வகை’ என்றும் திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. இது பிழை. சொல் சற்றுப் பொருந்தவில்லை என்பதோடு நிற்காமல், பொருளையே வேறு திசைக்குத் திருப்பிவிடும் பிழை.

மூலச்சொல் கிரேக்க ‘டூபோஸ்’. அடித்தல் என்னும் வினையிலிருந்து பிறந்து, அடியினாலோ அழுத்தத்தினாலோ பதிந்த தடத்தையும், அதிலிருந்து அச்சு, உரு, மாதிரி ஆகியவற்றையும் குறித்தது. யோவான் 20:25இல் தோமா காணவேண்டும் என்று கேட்கும் ஆணித்தழும்புக்கும் இதே சொல்தான் வருகிறது. ரோமர் 5:14இல் பவுல் ஆதாமை இச்சொல்லால் குறிக்கும்போது, தமிழ் வேதாகமத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘பின்பு வந்தவருக்கு முன்னடையாளமானவன்’ என்கிறது. 1 கொரிந்தியர் 10இல் வனாந்தர நிகழ்ச்சிகளைப் பற்றி அதே சொல் வருமிடத்தில் ‘திருஷ்டாந்தங்கள்’ என்றும், எபிரெயர் 8:5இல் மோசேக்கு மலையில் காட்டப்பட்டதைச் சொல்லுமிடத்தில் ‘மாதிரி’ என்றும் அது மாறுகிறது. இடமறிந்து சொல்லைத் தேர்ந்த அந்தப் பழைய உழைப்பை நம் காலத்து மொழிபெயர்ப்பாளர் ஒருமுறை புரட்டிப் பார்த்திருந்தால், ‘வகை’க்கு வேலையே இருந்திராது.

வகை என்பது ஒத்த பலவற்றைச் சேர்த்து வைக்கும் தொகுதியின் பெயர். அகழாய்வில் கிடைத்த பானை ஓடுகளை வடிவம் பார்த்துப் பிரிப்பவர்க்கு வகையியல் வேண்டும். உலக மொழிகளைச் சொல்வரிசை கொண்டு பிரிக்கும் மொழியியலாளர்க்கும் வேண்டும். அத்துறைகளில் அச்சொல் நல்ல சொல்லே. ஆனால் பவுல் ஆதாமையும் கிறிஸ்துவையும் ஒரே தொகுதியில் அடைக்கவில்லை. ஒருவனுடைய மீறுதலால் மரணம் வந்தது, ஒருவருடைய கீழ்ப்படிதலால் நீதி வந்தது என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்துகிறார். அங்கே ஒற்றுமையோடு முரணும் உண்டு. முன், பின் என்னும் கால ஓட்டமும் உண்டு. ‘வகை’யில் காலமே இல்லை. ஒரு வகையைச் சேர்ந்த இரு பொருள்களில் முந்தியது எது என்ற கேள்வி எழுவதில்லை. இவ்வாசிப்பிலோ அக்கேள்விதான் உயிர். ஆங்கிலத்தில் ஒரே சொல் இரண்டு பொருளையும் சுமப்பதால் அங்கே குழப்பம் பிறக்க இடமிருக்கிறது. நமக்கு இரண்டு தனிச்சொற்கள் இருக்கும்போது அக்குழப்பத்தை ஏன் இறக்குமதி செய்யவேண்டும்? அகராதியின் முதல் பொருளை எடுத்து ‘இயல்’ என்ற ஈற்றை ஒட்டினால் கலைச்சொல் பிறந்துவிடும் என்ற பழக்கம் இறையியல் எழுத்தை மட்டுமன்றி எல்லாத் துறைகளையும் பிடித்திருக்கிறது. எழுதுகிறவர் தாம் விளக்கவந்த பொருளைத் தமிழில் ஒருமுறை எண்ணிப் பார்ப்பதற்குள் சொல் அச்சேறிவிடுகிறது.

பிரசங்க மேடைகளில் வழங்கும் ‘நிழல்’, ‘நிழலாட்டம்’ ஆகியவை இதைவிட எவ்வளவோ மேல். கொலோசெயர் 2:17, எபிரெயர் 10:1 ஆகியவற்றின் சான்றும் அவற்றுக்கு உண்டு. ஆயினும் அவ்விடங்களில் நிழல் எனப்படுபவை பண்டிகை, ஓய்வுநாள், நியாயப்பிரமாணம் போன்றவை. அங்குள்ள கிரேக்கச் சொல்லும் வேறு. யோசேப்பையும் யோனாவையும் நிழல் என்றால், அவர்களுக்குச் சொந்தமாக ஒரு வாழ்வும் கண்ணீரும் இருந்ததையே மறுப்பது போலாகிறது. ‘தீர்க்கதரிசனம்’ என்பாரும் உளர். அது வாயால் உரைக்கப்படுவது. இதுவோ நிகழ்ந்த நிகழ்ச்சி. ‘உருவகம்’ என்பது மூன்றாவது தவறு. கலாத்தியர் 4:24இல் பவுல் ஆகாரையும் சாராளையும் பற்றிப் பேசும்போது வேறொரு கிரேக்கச் சொல்லை ஆள்கிறார். பழைய மொழிபெயர்ப்பும் அதை ‘ஞான அர்த்தமுள்ளவைகள்’ என்று தனியே பிரித்துக் காட்டுகிறது.

முன்னடையாளம் என்ற சொல்லுக்கு எபிரெய மரபிலிருந்தே ஓர் ஆதரவு கிடைக்கிறது என்பது எனக்குப் பெருமகிழ்ச்சி தருவது. இவ்வாசிப்பைக் கிறிஸ்தவர்கள் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. யோர்தான் வற்றியதைச் செங்கடல் வற்றியதோடு யோசுவா 4:23 தானே ஒப்பிடுகிறது; பாபிலோனிலிருந்து வரும் மீட்பை ஏசாயா 43 புதியதொரு யாத்திராகமமாகப் பாடுகிறது; மோசேயைப் போல எலியாவும் நாற்பது நாள் உண்ணாமல் ஓரேபுக்குப் போகிறான். பஞ்சத்தினால் ஆபிராம் எகிப்துக்கு இறங்குவதும், பார்வோன் வீட்டார் வாதிக்கப்படுவதும், ஆபிராம் செல்வத்தோடு வெளியேறுவதும் அவன் சந்ததியாரின் வரலாற்றை முன்கூட்டியே நடத்திக் காட்டுகின்றன. 13ஆம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் நக்மனிதேஸ் ஆதியாகமம் 12க்கு எழுதிய உரையில் இதையே பொதுவிதியாக விரிக்கிறார். முன்னோர்க்கு நிகழ்ந்தவை பிள்ளைகளுக்குச் ‘சிமான்’ என்பது அவ்விதி. ‘சிமான்’ என்றால் அடையாளம். அன்னாளின் பாட்டு மரியாளின் பாட்டில் எதிரொலிப்பதையும், ரெபெக்காளும் ராகேலும் நின்ற கிணற்றடிகளின் நினைவோடு யோவான் 4ஆம் அதிகாரத்துச் சமாரியப் பெண்ணின் கிணற்றடி படிக்கப்படுவதையும் பற்றி எழுதும்போது, இரு சமயத்தாரின் வாசிப்பையும் தாங்கும் சொல் ‘அடையாள’த்தை வேராகக் கொண்டிருப்பதே நியாயம். 2ஆம் நூற்றாண்டில் சர்தை நகரக் கிறிஸ்தவ ஆயர் மெலித்தோ, வேலை முடிந்தபின் சிற்பியின் மாதிரிக்குப் பயனில்லை என்று எழுதி இஸ்ரவேலின் பஸ்காவையே தள்ளிவிட்டார். ‘மாதிரி’யைப் பொதுச்சொல்லாக்க நான் தயங்குவதற்கு அந்த வாதமே காரணம். முன்னடையாளமோ பின்னது வந்த பிறகும் தன்னிடத்தில் நிற்கும்.

முறையைக் குறிக்க ‘முன்னடையாள வாசிப்பு’ போதும். இது ஒரு படிப்புமுறை ஆதலால் ‘இயல்’ வேண்டியதில்லை. முன்னடையாளத்தின் மறுமுனைக்கு 1 பேதுரு 3:21இல் உள்ள ‘ஒப்பனை’ அழகிய சொல். ஆனால் இன்றைய வாசகர்க்கு அது முகப்பூச்சையே நினைவூட்டும். அவ்விடத்தில் ‘நிறைவு’ என்று எழுதலாம். ‘எதிர்வகை’ என்று மட்டும் எழுதவேண்டாம். வகையியல்காரர் அதையும் ஆக்கிவிட்டார்கள். ‘கிறிஸ்து ஆதாமின் எதிர்வகை’ என்று படிக்கும் தமிழர், அவரை ஆதாமின் பகைவராகத்தான் புரிந்துகொள்வார்.